இடது காலுக்கு ஒரு தகடு

வேம்புலி பஸ்கி போடும்போது ராடு இடது பக்கம் சாய்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். ஊரில் ஆயிரம் பேர் ஆயிரத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கே எது கோணலாக இருந்தாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும். கல்யாண வீட்டுச் சுவரில் ஒரு படம் கோணலாக மாட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் தொழில் அப்படி. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் அப்போது நான் ஃபிட்டர். புதிதாக ஒரு லேத், இரும்பைக் கடையும் மெஷின், வந்து இறங்கினால் அதைத் தரையில் மட்டம் பார்த்து நிறுத்துவது என் பொறுப்பு. மேலே ரசமட்டத்தை வைப்பேன். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மேடு. அதற்கு எதிர்ப்பக்கக் காலுக்கடியில் தகடு செருகுவேன். அரை மில்லி, ஒரு மில்லி என்று செருகிக்கொண்டே போனால் குமிழி நடுவில் வந்து நிற்கும். பேக்கிங் வைப்பது என்று சொல்வோம். அதில் என்னை மிஞ்ச எஸ்டேட்டிலேயே ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

பஸ்கி எல்லாருக்கும் தெரிந்ததுதான், உட்கார்ந்து எழுவது. வாத்தியார் தண்டனையாகத் தோப்புக்கரணம் போடச் சொன்னபோது அழுத பயல்கள் நாங்கள், வளர்ந்த பிறகு தோளில் இருநூறு கிலோவை வைத்துக்கொண்டு ஆசை ஆசையாக உட்கார்ந்து எழுந்தோம். அம்பத்தூர் ஒரகடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் எங்கள் உடற்பயிற்சிக் கூடம். எல்லாரும் எஸ்டேட் தொழிலாளிகள். ராடு ஒன்றுதான் கடையில் வாங்கியது. வட்டத் தட்டுகளெல்லாம் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை பார்த்த உத்தமன் தன் மேஸ்திரிக்குத் தெரியாமல் வார்த்துக் கொண்டுவந்தவை.

வேம்புலியும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே எடை. அறுபத்தேழு கிலோ. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா கெங்கம்மாள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கி, லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருளை அள்ளிக் கொட்டுகிற வேலை பார்த்தாள். அவள் கையில் எப்போதும் நாலு இடத்தில் கீறல் இருக்கும். வேம்புலி கம்பெனி கம்பெனியாகத் தற்காலிகமாகப் போய்க்கொண்டிருந்தான். ஆறு மாதம் ஒரு இடம், மூன்று மாதம் ஒரு இடம். ஆனால் ராடை எடுத்துத் தோளில் வைத்துவிட்டால் அவன் வேறு ஆள். எங்களில் யாரும் அவனுக்கு இருபது கிலோ கிட்டே வர முடியாது.

எண்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்து அந்தச் செய்தி வந்தது. ஆவடியில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் விளையாட்டு வீரர்களுக்கென்று சில வேலைகள். எங்கள் எடைப் பிரிவில் பளு தூக்குபவன் ஒருவன் வேண்டும். ஒரே ஒருவன். வேலை நிரந்தரம், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். ஜூலை மாதம் தேர்வு. இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ்படி வேம்புலிக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவனுக்கு இன்னொரு தடவை கிடையாது.

அவன் இரண்டு விண்ணப்பம் வாங்கிவந்தான்.

"இன்னாத்துக்குடா ரெண்டு?" என்றேன்.

"உனுக்குத்தான். தனியா போறதுக்கு பேஜாரா கீது. நீயும் வா மாமே, சும்மா தொணைக்கு."

"தொணைக்கு வர்றவன் பேர எதுக்குடா எழுதணும்?"

"எழுது. உள்ள உடணுமில்ல?"

அப்படித்தான் என் பெயரும் அதில் ஏறியது. எங்கள் இரண்டு பேரில் யாருக்கு வேலை என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. அவன் இருநூற்றுப் பத்தில் உட்கார்ந்து எழுவான். நான் நூற்றுத் தொண்ணூறில் கண் பிதுங்கி நிற்பேன்.

மாசி மாதத்தில்தான் அந்தச் சாய்வைக் கவனித்தேன். சின்ன எடையில் ஒன்றும் தெரியாது. நூற்றெண்பதைத் தாண்டினால், கீழே உட்கார்ந்து எழும் இடத்தில், இடுப்பு இடது பக்கம் நழுவும். ராடின் இடது முனை ஒரு சாண் தாழும். இருநூறு வைத்தால் எழும்போது உடம்பே ஒரு முறுக்கு முறுக்கும். இரண்டு தடவை பின்னால் நின்ற நாங்கள் ராடைப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. இப்படியே போய்த் தேர்வில் நின்றால் வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் விடுவேனா? மெஷின் கோணல் என்றால் எப்படித் தேடுவேனோ அப்படியே தேட ஆரம்பித்தேன்.

முதலில் தட்டுகள் மேல் சந்தேகம். எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தேன். இருபது கிலோ தட்டுகளில் ஒன்று முந்நூறு கிராம் கூட. உத்தமனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஓசியில வார்த்துக் குட்த்தா பல்லப் புட்ச்சிப் பாக்கறியா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிப் போட்டோம். ராடு இடது பக்கம்தான் சாய்ந்தது.

அடுத்து ராடு. அதைக் கம்பெனிக்குத் தூக்கிப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் லேத்தில் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். மயிரிழை வளைவு இல்லை. பிறகு தரை. கொட்டகைத் தரையில் நாலு மூலையும் ரசமட்டம் வைத்தேன். தரையும் சரியாகவே இருந்தது. வேம்புலி சிரித்தான்.

"ஆடத் தெரியாதவதான் கூடம் கோணல்னு சொல்லுவா. இங்க நான் சும்மா கீறேன், நீ சொல்லிகினு கீற" என்றான்.

தட்டு சரி, ராடு சரி, தரை சரி. மிச்சம் இருந்தது வேம்புலி ஒருவன்தான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் இருபது வயதிலிருந்து இரும்போடு பேசிப் பழகியவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. லேத்தை மட்டம் பார்க்கும்போது அதைப் பார்த்து எங்கேயாவது வலிக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

ரசமட்டத்தை ராடின் நடுவில், அவன் பிடரிக்குப் பின்னால், சைக்கிள் டியூப் துண்டால் கட்டினேன். பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டேன். அவன் நின்றபோது குமிழி நடுவில் இருந்தது. உட்கார உட்கார அது வலது பக்கம் ஓடியது. அப்படியென்றால் இடது பக்கம் பள்ளம். ஒரு வாரம் பின்னால் நின்று கத்தினேன். "நேரா! இடுப்ப நேரா வைடா! எருமை, நேரா!" கூரையிலிருந்து இரண்டு பக்கமும் கயிறு தொங்கவிட்டு, ராடு அதில் படாமல் உட்காரச் சொன்னேன். நூற்றெண்பது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போவான். அதற்கு மேல் தட்டைப் போட்டால் பழைய கதைதான்.

பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியிலிருந்து மூன்று மில்லித் தகடு ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து அவனுடைய இடது ஷூவுக்கடியில் வைத்தேன். அவன் உட்கார்ந்தான். குமிழி வலது பக்கம் ஓடியது, ஆனால் பாதி தூரம்தான். இன்னொரு தகடு வைத்தேன். அவன் உட்கார்ந்து எழுந்தான். குமிழி நடுக்கோட்டில் அசையாமல் நின்றது.

நான் ஸ்டூலிலிருந்து குதித்தே விட்டேன். உத்தமன் விசிலடித்தான். அன்று எல்லாருக்கும் என் செலவில் டீ. லேத்துக்கு வைக்கிற பேக்கிங்கை மனுஷனுக்கு வைத்து நேராக்கியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று பீற்றிக்கொண்டேன். வேம்புலி ராடை வைத்துவிட்டுச் சுவரில் கைவைத்து நின்றான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"சரியாய்ட்ச்சா மச்சான்?" என்றான்.

"சோக்கா கீது. நீயே பாத்துருந்தா தெரியும்."

"அப்ப இப்டியே போடலாம்" என்றான்.

பின்னால் நிற்கிறவனுக்கு முகம் தெரியாது. நான் நாலு மாதம் அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு அருகில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, தகட்டு உயரத்துக்குத் தோல் வெட்டி ஷூவுக்குள்ளேயே ஒட்டி வாங்கினோம். சித்திரையில் இருநூறு, ஆனியில் இருநூற்றுப் பத்து. ராடு நூல் பிடித்த மாதிரி இறங்கி ஏறியது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். வேம்புலி ஷூ போட்டுக்கொண்டிருந்தான். இடது காலுக்குக் குனிந்து கயிறு கட்டினான். வலது காலுக்குக் குனிய முடியவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தான். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்தபோது வாசலில் நான் நிற்பதைப் பார்த்தான்.

இதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. நான் பார்த்தேன். அது வலி என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. இன்னும் இரண்டு வாரம்தானே, தேர்வு முடியட்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அதோடு இன்னொன்றும் வந்தது. விண்ணப்பத்தில் இரண்டாவதாக ஒரு பெயர் இருக்கிறது என்பது. அது வந்தது, போனது, அவ்வளவுதான். ஆனால் வந்தது. நான் குனிந்து சுண்ணாம்புத் தூள் டப்பாவைத் திறந்து கையில் தேய்த்துக்கொண்டேன்.

"இன்னிக்கு எவ்ளோ போடலாம்?" என்று கேட்டேன்.

"நூத்தித் தொண்ணூறு" என்றான்.

தேர்வு அந்தத் தொழிற்சாலையின் விளையாட்டு அரங்கில் நடந்தது. எங்கள் எடையில் ஆறு பேர் வந்திருந்தார்கள். மனோகரன் என்ற அதிகாரி கையில் பட்டியலோடு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ்கிதான் முதல். ஒவ்வொருவனுக்கும் மூன்று வாய்ப்பு. வேம்புலி முதல் வாய்ப்பில் இருநூறு கேட்டான். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோளில் ஏற்றினான், இறங்கினான், எழுந்தான். ராடு ஒரு நூல் சாயவில்லை. நடுவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்ளோ நேரா எறங்கறான் பாருங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாய்ப்பு இருநூற்றுப் பதினைந்து. முழங்காலுக்குப் பட்டை சுற்றிவிட்டது நான்தான். அவன் கை என் தோளில் இருந்தது. பட்டையை இழுக்க இழுக்க அந்தக் கை என் தோளை அழுத்தியது. பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேராகத்தான் இறங்கினான். கீழே போய், எழுவதற்கு உன்னிய நொடியில் ஒரு சத்தம் கேட்டது. விறகுச் சுள்ளி ஒடிகிற சத்தம். பக்கத்தில் நின்றவர்கள் ராடைத் தாங்கிக்கொண்டார்கள். அவன் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்தான். வலது பாதம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. அவன் கத்தவில்லை. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன்.

"மச்சான், ராடு கோணிச்சா?" என்றான்.

"இல்லடா. நேராத்தான் இர்ந்துச்சு."

"அப்பறம் இன்னா ஆச்சி?" என்றான்.

தொழிற்சாலை வேனிலேயே அவனை ஏற்றினார்கள். கூட யார் வருகிறீர்கள் என்று மனோகரன் கேட்டார். அதே நேரத்தில் அரங்கத்திலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். வேம்புலிக்கும் அது கேட்டது. என் கையை விட்டுவிட்டு, "நீ இரு. ரெண்டு பேரும் வந்துட்டா எப்டி? போய்த் தூக்கு" என்றான். உத்தமன் வேனில் ஏறினான். வேன் போய்விட்டது.

போகச் சொன்னது அவன்தான். அது சத்தியம். அந்தச் சத்தியத்தை நான் எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று நான் இருநூற்று ஐந்து தூக்கினேன். அதற்கு முன்னாலும் தூக்கியதில்லை, பிறகும் தூக்கியதில்லை. அப்படி ஒரு பலம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பிரிவில் முதல் பெயர் என்னுடையது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். உத்தமன் வராந்தாவில் நின்றான். கெங்கம்மாள் வேலைக்குப் போன சேலையோடு சுவரோரம் குந்தியிருந்தாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். வலது தொடை எலும்பு, இடுப்போடு சேரும் இடத்தில் ஒடிந்திருக்கிறது, ஆனால் எடை தூக்கியதால் மட்டும் ஒடியவில்லை, உள்ளே கட்டி இருக்கிறது, எலும்பை அரித்திருக்கிறது, ஆறேழு மாதமாக இருக்க வேண்டும் என்றார்.

"நடக்கும்போது, உக்காரும்போது வலது காலைக் காப்பாத்த இடது பக்கம் சாஞ்சிருப்பாரே. நீங்க யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"கவனிச்சோம் சார்," என்றான் உத்தமன், கள்ளமில்லாமல். "கோணலா கீதுன்னு தகடு வெச்சி நேராக்கிட்டோம்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாசி மாதமே அழைத்து வந்திருந்தால் கால் போயிருக்கும், ஆள் பிழைக்க வழி இருந்திருக்கும், இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேயை உறையில் போட்டார்.

காலை எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே வலது பக்கம் ஒன்றுமில்லாமல் வேம்புலி வீட்டுக்கு வந்தான். அதே மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. அவனே கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தான்.

"கோதண்டம், த.பெ. வீராசாமி. பேரெல்லாம் தப்பில்லாம அட்ச்சி கீறாங்கோ" என்றான். மடித்துக் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்து அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஊன்றுகோலை எடுத்து அக்குளில் வைத்து எழுந்து நின்றான். "பாரு மாமே. ஒத்தக் காலு. இனிமே கோணல்ன்ற பேச்சே கெடையாது."

நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான். என்னால் முடியவில்லை. வெளியே போய்க் குழாயடியில் நின்று அழுதேன்.

ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் குடி போன பிறகும் வாரம் இரண்டு தடவை ரயிலேறி வந்துவிடுவேன். கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. இருமல், பிறகு ரத்தம். அறுபத்தேழு கிலோ இருந்தவனை அவன் அம்மா ஒரு கையால் புரட்டிப் படுக்க வைத்தாள். எண்பத்தேழு மார்கழியில் செத்துப்போனான். பாடையை நாங்கள் கூடத்து ஆட்கள்தான் தூக்கினோம். ஆறு பேரும் பளு தூக்குகிறவர்கள். அவ்வளவு லேசான பாடையை நாங்கள் யாரும் தூக்கியதில்லை.

அவன் இருக்கும்வரைக்கும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, இனிமேலும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. கெங்கம்மாள் முறத்தில் மிச்ச அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"யம்மா, உன்னண்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு நைனா."

சொன்னேன். ஷூ போட்டதை, காலைத் தூக்கி வைத்ததை, நான் வாசலில் நின்று பார்த்ததை, பார்த்துவிட்டு எவ்வளவு போடலாம் என்று கேட்டதை. இரண்டாவது பெயர் மனதில் வந்துபோனதையும் சொன்னேன். விளக்குமாற்றை எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் போனேன். மண்ணை வாரித் தூற்றினாலும் தலை குனிந்து வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அவள் புடைப்பதை நிறுத்தினாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"நானுந்தான் பாத்தேன்" என்றாள்.

நான் தலையைத் தூக்கினேன்.

"பொங்கலுக்கு அப்பறம் அவன் குந்தி சாப்டவே இல்ல. வாசப்படியில நின்னுகினே துன்னுவான். கேட்டா டைம் ஆய்ட்ச்சின்னுவான். காலீல வெளிக்குப் போனா, செவுத்தப் புட்ச்சிகினுதான் எழுந்திர்ப்பான். இர்நூறு கிலோ தூக்கிகினு எழுந்திர்க்கறவன். பெத்தவளுக்குத் தெரியாதா? ராவுல முனகுவான். நான் முழிச்சிகினுதான் இர்ப்பேன்." கையிலிருந்த கீறலைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினாள். "கேட்டா, வலிக்குதுன்னு சொல்லிடுவான். சொல்லிட்டா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். அவங்க தூக்காதன்னுடுவாங்க. ஆவணியோட வயசு முடிஞ்சிரும். வேல வந்துரட்டும், வந்தன்னிக்கே இட்டுகினு போலாம்னு இர்ந்தேன். என் வயித்துல பொறந்தவனுக்கு நானே..."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது கட்டை மாதிரி இருந்தது. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவன் உன்னண்ட எல்லாம் சொல்லுவானே. நான் பாத்தது அவனுக்குத் தெரியுமா, கோதண்டம்?"

அவனுடைய கடைசி மாதத்தில் ஒரு நாள், அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, வேம்புலி என்னைக் கிட்டே கூப்பிட்டான். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். "எங்கம்மாவுக்குத் தெரியும் மச்சான். நான் செவுத்தப் புட்ச்சிகினு எழுந்திர்க்கறத நின்னு பாத்துகினேதான் இர்ந்துச்சு. ஒரு நாளாவது கேக்கும், கேக்கும்னு நெனச்சிகினே இர்ந்தேன். கேக்கல." இருமி முடித்துவிட்டு, "நீ எங்கம்மாவ எதுவும் கேட்டுறாத. பாவம்" என்றான். என்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கெங்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "அவனுக்கு ஒண்ணியும் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துரும், அதாண்ட மட்டும் சொல்லிறாதன்னுதான் சொல்லிகினு இர்ந்தான்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

அவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு மறுநாள் முதல் ஷிஃப்ட் இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.